பத்திரமும் சுவாதீனமும்

பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் பிறருக்குக் கேள்வி போட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னர் பிறர் கேள்வி போடுகிறார்கள். என்னிடம் படித்தவர்களுக்கு இப்பொழுது வீடு வாங்கும் வயது. நான் வழக்கறிஞன் அல்லன். ஆயினும் ஒரு தாளை வரி விடாமல் படிக்கும் பழக்கம் ஆசிரியனுக்கு உண்டு அல்லவா? அந்த உரிமையில்தான் இன்று பேசுகிறேன்.

பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி இது: "ஐயா, முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. அச்சாரம் கொடுத்துவிடலாமா?"

வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகளின் பட்டியல். விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவை பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகாத எதுவும் அதில் தெரியாது. பதிவு செய்யப்படாத உயில் தெரியாது. வாய்மொழியாக வாடகைக்கு விட்டது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊர்களில் 'லீஸ்' என்று சொல்லிப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு வாடகையின்றிக் குடிவைக்கிறார்களே, அது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

இந்த 'லீஸ்' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. சட்டம் கூறும் குத்தகையில் வாடகை உண்டு. நம்மவர் லீஸ் என்பதோ, பழைய நாளில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வழங்கியதன் பேரப்பிள்ளை. தொகையைக் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக வீட்டை அனுபவிப்பார். தவணை முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுவார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியை இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யவேண்டும். நடைமுறையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

என் மாணவர் ஒருவர், அலுவலகமொன்றில் கணக்கராக இருப்பவர், வீடு ஒன்றுக்கு விலை பேசினார். முன்கட்டில் உரிமையாளர், பின்கட்டில் ஒரு முதிய தம்பதியர். "வாடகைக்கு இருக்கிறார்கள், சொன்னால் அடுத்த மாதமே காலி செய்துவிடுவார்கள்" என்றார் உரிமையாளர். வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தது. "பின்கட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டாயா?" என்றேன். பிறர் வீட்டில் நுழைந்து கேட்பது நாகரிகமா என்று தயங்கினார். நான் விடவில்லை. சென்று கேட்டபோது அந்த அம்மையார் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாராம். ஐந்தாண்டுகளுக்கு முன் கொடுத்த நான்கு லட்சம் ரூபாய்! கணவருடைய பணி ஓய்வுத்தொகை முழுவதும் அதுதான். வீடு கைமாறப்போகும் செய்தியே அவர்களுக்குத் தெரியாது.

இதிலே சட்டம் என்ன சொல்லுகிறது? ஒரு சொத்தில் ஒருவர் நேரில் குடியிருந்தால், அவருக்கு உள்ள பாத்தியதை இன்னதென்று வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும் என்று அதே சட்டத்தின் 3ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. 'நான் அறியேன்' என்று பிறகு வாதாட முடியாது. கேட்காமல் இருந்தது வாங்குபவரின் குற்றமாகவே முடியும். பதிவில்லாத அந்தத் தாளுக்கு என்ன வலிமை என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அது தீர்மானிக்கும்வரை வீட்டுக்குள் இருப்பவர் அவர், வெளியில் நிற்பவர் நீங்கள்.

நல்லவேளையாக அச்சாரம் இன்னும் கைமாறவில்லை. மூவரும் அமர்ந்து பேசினார்கள். கிரயத்தொகையில் நான்கு லட்சத்தைக் கழித்து, அதைப் பதிவு நாளன்றே வங்கி வரைவோலையாகத் தம்பதியரிடம் நேரே கொடுப்பதென்றும், அவர்கள் ரசீது எழுதிக்கொடுத்துச் சுவாதீனத்தை விடுவதென்றும் முடிவாயிற்று. கிரயப் பத்திரத்திலும் அந்த விவரத்தை எழுதினார்கள். 'சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டேன்' என்று எல்லாப் பத்திரங்களிலும் ஒரு வாசகம் வரும். அது மெய்யாக இருந்த பத்திரங்களில் அதுவும் ஒன்று.

மாத வாடகைக்காரர் இருந்தால்? வீட்டை விற்றதனால் வாடகை உரிமை அற்றுப்போவதில்லை. பழைய உரிமையாளரின் இடத்தில் புதியவர் அமர்கிறார், அவ்வளவே. விற்பனைச் செய்தியை அறியாமல் குடியிருப்பவர் பழையவரிடமே வாடகையைக் கொடுத்துவிட்டால், அதை மறுபடியும் கேட்க இயலாது. ஆகையால் பதிவு முடிந்தவுடன் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். அவர் கொடுத்துள்ள முன்பணம் யார் பொறுப்பு என்பதையும் கிரயத்துக்கு முன்பே பேசி எழுதிக்கொள்க. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவாகவேண்டும் என்பது அதன் விதி. பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுவிட்டால் பதிவு வேண்டாம் என்ற பழைய பழக்கத்தை இன்னும் பலர் விடவில்லை.

"பவர் பத்திரம் வாங்கிக்கொண்டால் போதாதா?" என்பது மற்றொரு கேள்வி. போதாது. அதிகாரப் பத்திரத்தாலும் விற்பனை உடன்படிக்கையாலும் மட்டும் சொத்துரிமை மாறிவிடாது என்று 2011இல் உச்சநீதிமன்றம் ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிட்டது. செலவைக் கண்டு அஞ்சித்தான் இவ்வழியை நாடுகிறார்கள். முத்திரைத் தீர்வை வகையில் 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023இல் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆயிற்று, ஆனால் கூடவே வழிகாட்டி மதிப்பும் உயர்ந்தது. சுமைதான், மறுக்கவில்லை.

பட்டாவைப் பற்றி ஒரு சொல். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாது. மூலப்பத்திரம் தொட்டு இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா, நான்கெல்லை ஒத்திருக்கிறதா என்று பார்த்தபின் பட்டாவைப் பாருங்கள்.

கோயிலூர்களில் வீடு வாங்குவோர் இன்னும் ஒன்றை விசாரிக்கவேண்டும். ஸ்ரீரங்கம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் கட்டடம் ஒருவருடையதாகவும், அதன் கீழுள்ள மனை கோயிலுடையதாகவும் இருப்பது உண்டு. இதற்கு அடிமனை என்று பெயர். அங்கே விற்பவர் விற்பது சுவரையும் கூரையையுமே. மண் அவருடையது அன்று. கோயில் நிலத்தை ஆணையரின் அனுமதியின்றி விற்பதோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ செல்லாது என்பது 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம். குடியிருப்பவர் மனையை விலைக்குக் கேட்க இடமளித்த 1921ஆம் ஆண்டுச் சட்டமும், 1996இல் செய்த திருத்தத்துக்குப் பின் கோயில் நிலங்களுக்குப் பொருந்தாது.

சென்ற வாரம் ஒருவர் அத்தகைய வீட்டின் பத்திர நகலோடு வந்தார். விலை மலிவு என்பதில் அவருக்குப் பெருமகிழ்ச்சி. சொத்து விவரத்தில் 'மேற்படி மனையில் கட்டப்பட்டுள்ள கட்டடம் மாத்திரம்' என்றிருந்ததை அடிக்கோடிட்டுக் காட்டினேன். அடிமனை வாடகை யார் பெயரில் வரவாகிறது, எத்தனை ஆண்டு பாக்கி நிற்கிறது என்று கோயில் அலுவலகத்தில் கேட்டு வருமாறு அவரை அனுப்பியிருக்கிறேன்.