தொலைபேசியும் வாக்குரிமையும்



தாராவியும் செம்பூரும் அடங்கிய தென் மத்திய மும்பைத் தொகுதியில், 2024 மே 20 அன்று ஏறத்தாழப் பாதி வாக்காளரே வாக்களித்தனர். இந்நிலை மாறத் தொலைபேசி உதவும். ஆனால் அறிவுரை மட்டும் போதாது. எப்பொழுது, எங்கிருந்து வாக்குச்சாவடிக்குச் செல்வீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று வினவிய அழைப்புகளே கூடுதல் பயன் தந்தன என்பதை 2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு காட்டியது.

தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளியிடம் இவ்வினாக்களைத் தமிழிலேயே கேட்போம். கூலி போய்விடுமே என்று அவர் தயங்கக்கூடும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, நாட்கூலியருக்கும் வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை அளிக்கிறது என்பதை எடுத்துரைப்போம். பட்டியலில் பெயர் உள்ளதா என முன்கூட்டியே அறிய, தேர்தல் ஆணையத்தின் 1950 என்ற எண்ணைத் தருவோம். யாருக்கு வாக்கு என்பதை மட்டும் கேளாதிருப்போம். அது அவரது உரிமை.