எண்ணெய் முள் சாய்ந்தபோது



மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு நான் தகுதியுடையவன் அல்லன். கலைப் பிரிவிலே பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகக் காலந் தள்ளுகிறவன். ஆனால், 1978-இல் என் தந்தையார் வாங்கிய அம்பாஸடர் வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது எனக்குப் புகட்டிய பாடத்தை உங்களிடம் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். பழைய வண்டியைக் கைவிட மனமில்லாமல் வைத்திருக்கும் நம்மவர்கள் வெளியூர்களில் இன்னும் சிலர் இருக்கக்கூடும் அல்லவா?

2019-ஆம் ஆண்டில், நாகபுரியில் உள்ள ஒரு பட்டறையில் அந்த வண்டியின் எஞ்சினை முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்தார்கள். சிலிண்டர்களைப் போர் செய்து, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் பேரிங்குகளும் பொருத்தினார்கள். வண்டி வீடு திரும்பியபோது எஞ்சின் ஓடுகிற ஓசையே கேட்கவில்லை. நானூறு கிலோமீட்டர் ஓட்டியபின், குடும்பத்துடன் வார்தாவுக்குப் புறப்பட்டோம். புட்டிபோரியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றிருப்போம். என் தந்தையார் தனியே வாங்கிப் பொருத்தியிருந்த எண்ணெய் அழுத்தமானியில் ஐம்பது பவுண்டிலே நின்றிருந்த முள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து, ஐந்துக்கும் கீழே போய் நின்றுவிட்டது.

எஞ்சினில் எந்த மாறுதலும் இல்லை. ஓசையில்லை, புகையில்லை, வேகமும் குறையவில்லை. ஆபத்து அங்கேதான் இருந்தது. பின்னால் அமர்ந்திருந்த என் மைத்துனன், "அத்தான், வார்தா இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே? மெதுவாக ஓட்டினால் போய்விடலாமே" என்றான். நியாயமான பேச்சாகத்தான் தோன்றிற்று. ஆனால் என் தந்தையார் அந்த மானியைப் பொருத்திய நாளில் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. "முள் விழுந்தால் முதலில் சாவியைத் திருப்பு. யோசனையெல்லாம் அப்புறம்" என்பார். சாவியைத் திருப்பி, வண்டியை ஓரமாக உருளவிட்டு நிறுத்தினேன்.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். எஞ்சினின் கிராங்க் தண்டு பேரிங்கின்மேல் உராய்ந்து சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுள்ள இடைவெளி உண்டு. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவானது அது. அந்த இடைவெளியை நிரப்பி நிற்கும் எண்ணெய்ப் படலத்தின்மேலேதான் தண்டு மிதந்து சுழல்கிறது. எண்ணெய் வராமற் போனால் உலோகம் உலோகத்தைத் தொடும். மிருதுவான பேரிங் மேற்பூச்சு தேய்ந்து உருகுவதற்கு நெடுநேரம் தேவையில்லை. "மெதுவாக ஓட்டுவது" இங்கே பயன்படாது. ஓசை கேட்கும்போது கேடு விளைந்து முடிந்திருக்கும்.

இக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் இந்த மானியே கிடையாது. எண்ணெய்க் கூஜா வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் உண்டு. அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே அது எரியும். ஆகவே ஓடும்போது அது எரிந்தால், அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்ப்பதற்கு நேரமில்லை.

எண்ணெயின் அளவுகோலை உருவிப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. வண்டிக்கு அடியில் ஒழுக்கும் இல்லை. ஒரு ஜீப்பின் பின்னால் கயிறு கட்டி ஊர் திரும்பினோம். நான் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. எங்கள் தெருவுக்கு அருகில் ஒரு முதிய மிஸ்திரி இருந்தார், அவரை நாடினேன்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாஹேப், முள் மெள்ள மெள்ள இறங்கிற்றா, அல்லது ஒரேயடியாக விழுந்ததா?"

முழு நோயறிதலும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவே. தள்ளப்பட்ட எண்ணெய் குறுகிய இடைவெளிகளில் நெருங்கிச் செல்ல வேண்டியிருப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. பேரிங்குகளின் இடைவெளி மிகுதியாக இருந்தாலும், எண்ணெய் நீர்த்துப் போனாலும், குளிர்ந்திருக்கும்போது நன்றாக நிற்கும் முள் எஞ்சின் சூடேறச் சூடேறத் தாழ்ந்து வரும். ஒரேயடியாக விழுந்தால் அதன் பொருள் வேறு. எங்கோ ஏதோ ஒன்று திறந்துகொண்டது, அல்லது அடைத்துக்கொண்டது, அல்லது கழன்றுவிட்டது. புதிதாகக் கட்டிய எஞ்சினில் அதற்கு இடங்கள் பல. எண்ணெய்க் கால்வாய்களின் வாயை மூடும் திருகுமூடி ஒன்று தெறித்திருக்கலாம். பம்பின் உறிஞ்சு குழாய் தளர்ந்து காற்றை இழுக்கலாம். கேஸ்கெட்டுக்கு மிகுதியாகத் தடவிய பசை உதிர்ந்து சல்லடையை அடைக்கலாம். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதியதை மாட்டிவிடுவதும் உண்டு. அப்போது எண்ணெய் வெளியிலேயே கொட்டிவிடும்.

முள் பொய் சொல்லுகிறதா என்று அவர் முதலில் சோதித்தார். மானிக்குச் செல்லும் மெல்லிய செப்புக் குழாயை எஞ்சின் பக்கத்தில் கழற்றி, தீப்பொறி எழாதபடி கம்பியை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுழற்றினார். எண்ணெய் பீச்சியடித்திருக்க வேண்டும், சுரந்ததேயன்றிப் பீச்சவில்லை. முள் சொன்னது உண்மை. "கனமான எண்ணெய் ஊற்றினால் முள் ஏறாதா?" என்று கேட்டேன். "ஏறும் சாஹேப், முள் மட்டும் ஏறும்" என்றார்.

அடுத்து அவர் கை வைத்தது, அதிக அழுத்தத்தைத் தணிக்கும் வால்வின்மேல். இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகனக் கையேட்டை மொழிபெயர்த்தபோது, இந்த 'ரிலீஃப் வால்வு' என்பதை 'நிவாரண வால்வு' என்று எழுதியவன் நான். வெள்ள நிவாரணம், வறட்சி நிவாரணம் என்று நாள்தோறும் எழுதிப் பழகிய கை! பொருளைக் கண்ணாலே காண எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. எஞ்சினின் பக்கவாட்டில் ஓர் அறுமுக மூடி. அதற்குள் ஒரு சுருள்வில். அதன்முன் விரல் நுனியளவு உலோகக் கிண்ணம். அழுத்தம் அளவுக்கு மீறும்போது கிண்ணம் வில்லைத் தள்ளி விலகும். மிகுந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். அழுத்தம் குறைந்ததும் வில் அதை மூடிவிட வேண்டும். எங்கள் வண்டியில் அது மூடவில்லை. கிண்ணத்தின் பக்கத்தில் கீறல்கள். இருக்கையிலே துடைக்கும் பஞ்சின் நூல் ஒன்று, கறுத்த உலோகப் பொடியுடன் சுருண்டு கிடந்தது. திறந்தபடியே சிக்கிக்கொண்ட கிண்ணத்தின் வழியே எண்ணெய் முழுவதும் தொட்டிக்கே போய்க்கொண்டிருந்தது.

துடைத்து மாட்டினால் முள் எழுந்து நிற்கும். நானோ மகிழ்ச்சியுடன் பணத்தை எடுக்கப் போனேன். மிஸ்திரி அந்த நூலை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, "இது எங்கிருந்து வந்தது? இதன் உறவினர் இன்னும் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வடிகட்டியைப் பிரித்துக் காகித மடிப்புகளை விரித்தோம். மடிப்புதோறும் சாம்பல்போல் பொடி. தொட்டியைக் கழற்றியபோது அடியிலும் அதுவே படிந்திருந்தது. சிலிண்டரைத் தீட்டியபின் அதன் பொடி கால்வாய்களிலே தங்கிவிடும். திருகுமூடிகளைக் கழற்றி, நீண்ட தூரிகையிட்டுச் சவுக்கார வெந்நீரால் தேய்த்துக் கழுவி, காற்றடித்து உலர்த்தினாலன்றி அது போகாது. அந்தப் பட்டறையில் மண்ணெண்ணெயை ஊற்றி, பஞ்சினால் துடைத்ததோடு விட்டிருக்கிறார்கள். மேலே பளபளப்பாக இருந்தது உண்மைதான்.

பேரிங்குகளில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. கிராங்க் தண்டுக்குக் கேடு இல்லை. வார்தாவரை ஓட்டியிருந்தால் தண்டையே கடைசல் பிடிக்க நேர்ந்திருக்கும் என்றார் மிஸ்திரி. மைத்துனன் பக்கத்தில்தான் நின்றான், ஒன்றும் பேசவில்லை.

மீண்டும் முழுவதும் பிரித்துக் கழுவ ஒன்பது நாட்கள் ஆயின. பேரிங்குகளும் கிண்ணமும் வில்லும் புதியவை. எஞ்சினைப் பூட்டியபின் உடனே கிளப்பவில்லை. பம்பில் எண்ணெய் நிரப்பி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் அசையும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றிய பிறகே கிளப்பினார். முந்நூறு கிலோமீட்டரில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, அந்தப் பழைய வடிகட்டியை என் முன்னிலையிலேயே பிரித்துக் காட்டினார். மடிப்புகள் சுத்தமாக இருந்தன. இப்போது சூடேறிய எஞ்சினில், சாலையில் ஐம்பதும், நின்று ஓடும்போது பதினைந்தும் காட்டுகிறது முள்.