சுமை வண்டி வாங்கும் முன்னே...



மக்காச்சோளமும் வெங்காயமும் களத்துக்கு வந்த நேரத்தில் வாடகை வண்டி கிடைக்காமல் காத்துக் கிடப்பவர்கள், "பேசாமல் சொந்தமா ஒரு வண்டி வாங்கிப் போட்டால் என்ன?" என்று நினைப்பது இயற்கைதான். உடனே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "சார், எந்தக் கம்பெனி வண்டி நல்ல வண்டி?"

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், உழவுக்கா பாரத்துக்கா என்று முடிவு செய்துகொண்ட பிறகுதான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். வண்டிக்கும் அதே முறைதான். என்ன சரக்கு, எவ்வளவு எடை, எந்தப் பாதை என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

நம்ம பக்கம் ஓடுகிற வண்டிகளைப் பார்ப்போம். குட்டி யானை என்று நாம் சொல்கிற டாட்டா ஏஸ் 2005இல் வந்தது. இரண்டு சிலிண்டர் எஞ்சின், முக்கால் டன் பாரம் என்று வந்த வண்டி. சந்து பொந்தெல்லாம் நுழையும். அசோக் லேலண்டின் தோஸ்த் 2011இல் ஒன்றேகால் டன் பாரத்துக்கென்று வந்தது. நம்ம ஓசூரில் தயாராவது. மகேந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.3 டன் முதல் 1.7 டன் வரை வகைகள் உண்டு. 2016இல் வந்த மாருதி சூப்பர் கேரி, குட்டி யானை அளவுதான். ஒரே பெயரில் பல மாடல்கள் இருப்பதால், வாங்கும் மாடலின் எடை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

50 கிலோ மூட்டை 15 ஏற்றினாலே முக்கால் டன் ஆகிவிடும். 25 மூட்டை ஏற்றுகிறவருக்குக் குட்டி யானை போதாது. "ஏத்துனா தாங்கும்ங்க" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். தாங்கும், ஆனால் ஸ்பிரிங் பட்டை, டயர், பிரேக் எல்லாம் சீக்கிரம் போய்விடும். பிறகு கம்பெனி மேல் பழி போடுவோம். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம்; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். பருத்தி போன்ற சரக்கு எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். அவர்களுக்கு எடையைவிடப் பின்பாடியின் நீளம் முக்கியம். பாரத்தோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாவிட்டால் பெர்மிட் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது நம்பகம். 6 லட்சம் கடனுக்கு, குறையும் பாக்கிக்கு 10 சதவீத வட்டி என்றால், 60 மாதத்துக்கு மாதம் சுமார் 12,750 ரூபாய் தவணை வரும். ஒரு நாளைக்கு 425 ரூபாய். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் இந்தத் தவணை நிற்காது. வெங்காயம் களத்தில் நனையும்போது வண்டி நின்றால் அந்த நஷ்டம் தனி. ஆகவே மைலேஜ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வருஷத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? விற்கிறவர் சொல்லமாட்டார். விடியற்காலையில் விருதுநகர் மார்க்கெட்டிலோ சிவகாசி லாரி ஆபீஸ்களிலோ போய் நில்லுங்கள். அதே மாடலை மூன்று, நான்கு வருஷம் ஓட்டியவர்கள் ஐந்து பேரைப் பிடியுங்கள். போன வருஷம் எத்தனை நாள் நின்றது? என்ன பாகம் மாற்றினீர்கள்? அந்தப் பாகம் வர எத்தனை நாள் ஆனது? இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் ஒரே கோளாறைச் சொன்னால் அது வண்டியின் குணம். ஒருவர் மட்டும் சொன்னால் அது ஓட்டுகிறவரின் குணமாகவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 வண்டிகள்தான் விற்பனை. இவற்றில் பல டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். காட்டுக்கும் வீட்டுக்கும் மூன்று மைல் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். குறைந்த தூரம் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் வண்டியையும் விலை கேட்டுப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் எந்தக் கம்பெனி வண்டியையும் விடாது. காட்டுக்குள் இறக்காமல், சரக்கை டிராக்டரில் ரோட்டுக்குக் கொண்டுவந்து ஏற்றுவதே நல்லது.

அறுவடை இல்லாத மாதங்களில் சிவகாசியில் வாடகைக்கு ஓட்டலாம் என்று கணக்குப் போடுவீர்கள். நோட்டு, காலண்டர், காகிதம் கிடைக்கும். காகிதம் பார்வைக்குச் சிறிது, எடை பெரிது, ஜாக்கிரதை. பட்டாசும் மருந்தும் ஏற்றுவதற்கு வெடிபொருள் விதிகள் தனியாக இருக்கின்றன. நாலு காசுக்கு ஆசைப்பட்டு வெங்காய வண்டியில் அதை ஏற்றிவிடாதீர்கள். உயிர் போனால் எந்தக் கம்பெனியும் திருப்பித் தராது.

கடைசியாக, இப்போது வருஷத்துக்கு எத்தனை நடை, எவ்வளவு வாடகை கொடுக்கிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். வாடகையாகக் கொடுப்பதும் வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிப்பதும் சேர்ந்து தவணை, எரிபொருள், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தாண்டினால் வாங்குங்கள். தாண்டாவிட்டால், நாலு பங்காளிகள் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதைப் பேசிப் பாருங்கள். வீட்டு நகையை அடகு வைத்து, வாசலில் நிறுத்திப் பார்ப்பதற்கு மட்டும் வண்டி வேண்டாம்.