ஒரு பலகை போடுங்க, கண்ணுகளா!

பின்வரிசையில், ‘இந்த ஆள் எப்போது முடிப்பார்’ என்று கைபேசியில் மணி பார்க்கும் இளைஞர்களே! நான் பேச வந்ததே உங்களிடம்தான், அதுவும் ஒரு பாலத்தைப் பற்றி.

பாலம் என்றதும் கோவைக்காரனுக்கு மேம்பாலம்தான் நினைவுக்கு வரும். எங்கே கட்டுகிறார்கள், எப்போது திறப்பார்கள், அதுவரைக்கும் எந்தச் சந்தில் புகுந்து போவது என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுவோம். நான் கேட்பது அந்தப் பாலம் இல்லீங்க. ஏழடி நீளப் பாலம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போட்டுவிடலாம்.

நம் சிங்காநல்லூர்க் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலோடு கோத்துவிட்ட குளங்களில் ஒன்று. மாநகராட்சி 2017-இல் இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. செடி, கொடி, பறவை, பூச்சி எல்லாம் சேர்த்து 700 வகைக்கு மேல் இங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். சாக்கடையும் ஆகாயத்தாமரையும் படுத்தும் பாட்டுக்கு நடுவிலும் இத்தனை உயிர்கள் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன.

மழை விட்ட மறுநாள் காலை அந்தக் குளக்கரையில் நடந்து பாருங்கள். ஓரிடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். முதலில் வருகிறவர் சேற்றில் மிதித்துவிட்டு, “அடடா!” என்பார். இரண்டாவது ஆள் ஒரு எட்டுத் தள்ளி, புல்லில் கால் வைப்பார். பத்துப் பேர் நடந்ததும் அந்தப் புல்லும் சேறாகும். பதினோராவது ஆள் இன்னும் தள்ளிப் போவார். இரண்டடி ஒற்றையடிப் பாதை ஐப்பசி முடிவதற்குள் எட்டடிச் சேற்றுக்காடு ஆகிவிடும். புல் போனால் கரையின் பிடிமானம் போச்சு. புல்லில் முட்டை வைத்த குருவியின் கதியும் அதுதான். இதில் யார்மேல் குற்றம் சொல்ல? செருப்பு நனையக் கூடாது என்று நினைத்தது ஒரு குற்றமா?

அந்த இடத்தில் ஒரு பலகை கிடந்தால் எல்லாக் கால்களும் அதன் மேலேயே போகும். பாலம் நம் காலைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம் காலிடமிருந்து கரையைக் காப்பாற்றுகிறதுங்க.

எங்கள் தோட்டத்து வாய்க்கால் குறுக்கே ஒரு பனந்துண்டு கிடந்தது. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். என் அம்முச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, ஒரு கையில் தூக்குப்போசியோடு அதைத் தாண்டுவார். தாண்டிய பிறகு நிற்பார். குனிந்து ஒரு கை மணல் அள்ளி, திரும்பி, அந்த மரத்தின்மேல் வீசுவார். “நீங்கதான் தாண்டிட்டீங்களே, அம்முச்சி” என்று ஒருநாள் கேட்டேன். “அதனாலதான் சாமி போடறேன். வழுக்குதுன்னு எனக்குத்தானே இப்பத் தெரியும்” என்றார்.

அடுத்தவர் தாண்டப் பாலம் போட்ட இன்னொருவர், கர்நாடகத்துச் சுள்ளியாவின் கிரீஷ் பாரத்வாஜ் என்ற இயந்திரப் பொறியாளர். 1989-இல் அரம்பூர் மக்கள் அவரிடம் வந்து, பயஸ்வினி ஆற்றைத் தாண்ட ஒரு வழி கேட்டார்கள். அவர் படித்தது இயந்திரம், பாலம் இல்லை. ஆனாலும் ஊர் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு ஒரு தொங்கு நடைபாலம் கட்டினார். அது நூற்றுக்கு மேல் பெருகியது. 2017-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த ஊர் நம்முடையது. பட்டறையில் பம்பு செட்டுக்கு உயிர் கொடுக்கிற கைகள் நம்முடையவை. ஏழடிப் பலகை நமக்குப் பெரிசுங்களா?

ஆனால், வேகம் மட்டும் போதாது. மழையில் அளந்து, வெயிலில் கட்டுங்கள். எங்கே கால்கள் பாதையை விட்டு விலகுகின்றன என்பது மழையில்தான் தெரியும். மாநகராட்சியின் அனுமதியை முதலில் வாங்குங்கள். பள்ளத்தைக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்காதீர்கள். தண்ணீர் போகும் வழி அடைபட்டால் அது வேறு பக்கம் கரையை அறுக்கும். இரண்டு முனையிலும் கல் வைத்து, மரம் மண்ணைத் தொடாமல் தூக்கி நிறுத்துங்கள். ஈர மண்ணில் கிடக்கும் மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். பலகைக்கும் பலகைக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டால் தண்ணீர் வடியும். மேலே கோழிவலைக் கம்பியை இழுத்து ஆணி அடித்தால் வழுக்காது. புதிதாக மரம் வெட்டவே வேண்டாம். காற்றில் சாய்ந்ததும், வீடு இடித்த இடத்து விட்டமும் போதும்.

இந்த வேலைக்கு நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தத் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969-இல் தொடங்கியது. ‘நானில்லை, நீ’ என்பதுதான் அதன் கொள்கை. ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் போகிறீர்கள். பனியன் போட்டுப் படம் எடுக்கிறீர்கள். எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள். ஆணி கழன்றிருக்கும், கல் நகர்ந்திருக்கும். சுத்தியலோடு வாருங்கள். போட்டவர்களைவிட, திரும்பி வந்து பார்ப்பவர்கள்தான் இந்த ஊருக்குத் தேவை.

பலகையைப் போட்டு அக்கட்டால தாண்டியதும் ஒரு நிமிடம் நில்லுங்கள், கண்ணுகளா. எங்கே வழுக்குகிறது என்பது அப்போது உங்களுக்குத்தான் தெரியும். குனிந்து ஒரு கை மணல் அள்ளுங்கள்.