ஒரே வெளிறல், வேறு வேறு நோய்



அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆதிகுடிகள் நீங்கலாக ஏனையோர் யாவரும் கடல் கடந்து வந்தவர்களே. 1858-இல் நிறுவப்பெற்ற தண்டனைக் குடியேற்றத்தின் வழித்தோன்றல்கள், காட்டு வேலைக்கு வந்த சோட்டாநாகபுரி மக்கள், 1925-இல் பர்மாவினின்று வந்த கரேன்கள், 1949 முதல் குடியேறிய கிழக்கு வங்காள அகதிகள், 1969 முதல் பெரிய நிக்கோபாரில் நிலம் பெற்ற பஞ்சாப் முன்னாள் படைவீரர்கள், இலங்கையினின்று தாயகம் திரும்பிய தமிழர் எனப் பலர். பெட்டி படுக்கையோடு அவரவர் குருதியின் மரபும் கப்பலேறி வந்தது.

வங்காளத்திலும் பர்மாவிலும் ஹீமோகுளோபின் ‘ஈ’ காணப்படும், நடு இந்தியப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் சோகைக்குக் காரணமான ‘எஸ்’, பஞ்சாபில் ‘டி’. பீட்டா தலசீமியாவோ எவ்விடத்தும் உண்டு. நமக்கும் இஃது அயலார் செய்தியன்று. இந்தியப் பழங்குடிகளிடையே ‘எஸ்’ இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் முதலில் கண்டுரைத்தது நம் நீலகிரியில்தான்.

ஒரு தீவுக் குழந்தை வெளிறிச் சோர்ந்திருக்கிறது என்று கொள்வோம். இரும்புச்சத்து மருந்து கொடுத்து அனுப்புவது எளிது. இரும்புக் குறைவிலும் தலசீமியாக் கூறு உடையவரிடத்தும் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியே தோன்றும். ஆயினும் முன்னதில் அணுக்களின் எண்ணிக்கை குறையும். பின்னதில் பெரும்பாலும் குறையாது, சில வேளை மிகும். ஹீமோகுளோபின் ‘ஏ-2’ 3.5 சதவீதத்துக்கு மேற்பட்டிருப்பின் ஐயம் பெரிதும் நீங்கும்.

அடுத்தது மின்னோட்டத்தால் பிரித்தறியும் சோதனை. 1949-இல் பாலிங் குழுவினர் அரிவாள் செல் நோயின் இயல்பை இவ்வழியே கண்டனர். ‘எஸ்’, ‘டி’ இரண்டிலும் குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் மின்னூட்டமற்ற வேறொன்று அமர்ந்திருக்கிறது. ஆகவே காரக் கரைசலில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஒரு கோடே தெரியும். அமிலக் கரைசலிலிட்ட ஏகார் கூழில் அவை பிரிந்துவிடும். கரைதிறன் சோதனையில் ‘எஸ்’ கலங்கும், ‘டி’ கலங்காது. ஆயின் அச்சோதனை நோயாளியையும் கூறு மட்டும் உடையவரையும் வேறுபடுத்தாது என்பதை மறக்கலாகாது.

மிகக் கடினமானது ‘ஈ’யைப் பற்றிய தீர்ப்பு. இரு பெற்றோரிடமிருந்தும் ‘ஈ’யைப் பெற்ற குழந்தை சிறு சோகையோடு நலமாக வாழக்கூடும். ஒருவரிடம் ‘ஈ’யும் மற்றவரிடம் பீட்டா தலசீமியாவும் பெற்றதோ, வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை நாட நேரலாம். இரண்டிலும் கோட்டில் மேலோங்கி நிற்பது ‘ஈ’யே. கருக்கால ஹீமோகுளோபினின் அளவு ஓரளவு வழிகாட்டும். உறுதி தருவது தாய் தந்தையர் குருதியும் மரபணுச் சோதனையுமே. அத்தகைய பெற்றோர்க்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அந்நோய்க்கு இடமுண்டாதலின், அடுத்த குழந்தையின் பொருட்டும் இது தெரிய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மாதிரி எடுக்க வேண்டியது பிறர் குருதியை ஏற்றுவதற்கு முன்னர். ஏற்றிய பின் எடுத்தால், சோதனைக் குழாயில் பாதிக் கதை கொடையாளியுடையதாகிவிடும். உண்மை தெளியப் பல வாரங்கள் காத்திருக்க நேரும்.