ஹோஸைக் கழற்றுமுன் பிரஷரை இறக்குங்கள்

(தோட்ட ட்ரக்டர் சாரதிகளுக்கும் அவர்களோடு உதவிக்குப் போகிறவர்களுக்கும் நடந்த வகுப்பில் பேசியது)



நம்ம சப்ரகமுவத் தோட்டங்களில் ட்ரக்டருக்கு உழவு வேலை குறைவு. கொழுந்தை ஸ்டோருக்கு இறக்கும், உரமும் விறகும் ஏற்றும், மழையில் அரித்துப் போன பாதைக்குக் கல்லும் மண்ணும் கொண்டுபோய்க் கொட்டும். அந்தக் கல்லும் மண்ணும் கொட்டுகிற டிப்பிங் ட்ரெயிலரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அதிலும் ட்ரக்டருக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில் தொங்குகிற அந்த ஒரு ஹோஸ், அதன் நுனியில் இருக்கிற கப்ளிங், இவ்வளவுதான்.

மெஸி பெர்கியூசன் 135 என்ற ட்ரக்டர் 1964இல் வந்தது. 1975 மட்டும் செய்தார்கள். பிறகு அதே வழியில் வந்த வண்டிகளைச் சென்னையில் டாஃபே கொம்பனி செய்தது. ஓட்டுகிறவரை விட வயது கூடிய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இரும்பு பழசானாலும் பரவாயில்லை, ஆனால் உள்ளே ஓடுகிற எண்ணெயின் பலம் பழசாவதில்லை. சைக்கிள் டயரில் சதுர அங்குலத்துக்கு நாற்பது, ஐம்பது இறாத்தல் காற்று இருக்கும். லொறி டயரில் நூறு அளவில் இருக்கும். இந்த ஹோஸுக்குள்ளே 2,000 இறாத்தலுக்கு மேல் ஏறும். மண் நிறைந்த பெட்டியைத் தூக்குவது அந்த அமுக்கம்தான்.

கப்ளிங் இரண்டு துண்டு. ஒன்று செருகுகிற நுனி, மற்றது அதை வாங்குகிற வாய். வாயின் உள்பக்கம் சுற்றிவர சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் இருக்கும். வெளியே உள்ள வளையத்தை இழுத்தால் குண்டுகள் விலகி இடம் விடும், விட்டால் நுனியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு துண்டுக்குள்ளும் ஒவ்வொரு வால்வு இருக்கிறது. கழற்றினதும் அவை மூடி எண்ணெயை நிறுத்தும். மாட்டினதும் ஒன்றை ஒன்று தள்ளித் திறக்கும்.

"எவ்வளவு தள்ளினாலும் போகுதில்லை சார்" என்று சொல்வீர்கள். ஏன் போகவில்லை? கழற்றிய நேரத்தில் உள்ளே அமுக்கம் இருந்திருக்கிறது, வால்வு அதை அப்படியே பூட்டிவிட்டது. அல்லது, கழற்றிப் போட்ட ட்ரெயிலர் வெயிலில் நின்றிருக்கிறது. எண்ணெய் சூடேறினால் விரியும், விரிய இடமில்லை, அமுக்கம் ஏறும். காலையில் சுலபமாகப் போனது பகல் பன்னிரண்டு மணிக்குப் போகாமல் இருப்பது இதனால்தான்.

அப்போது என்ன செய்கிறோம்? சுத்தியலை எடுத்து நுனியில் ஒரு தட்டு. அல்லது ஸ்குரூ டிரைவரால் வால்வை ஒரு குத்து. சுத்தியல் பட்டுத் தட்டையான நுனிகளை நான் எண்ணிக்கை இல்லாமல் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நுனி பிறகு சரியாக உட்காராது, ஒழுகும். குத்துகிற ஆளின் முகத்துக்கு நேரே எண்ணெய் பாய்ந்தால் கண் போச்சு.

சரியான முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் பெட்டியை முழுதாகக் கீழே இறக்குங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். ஹைட்ரோலிக் லீவரை இறக்கும் பக்கம் கொண்டுபோய் விடுங்கள். தனி லீவர் உள்ள வண்டியானால் அதை இரண்டு பக்கமும் இரண்டு மூன்று தரம் ஆட்டுங்கள். பூட்டிக் கிடந்த எண்ணெய் திரும்பிப் போய்விடும். பிறகு வளையத்தை இழுத்தால் தானாகக் கழன்று வரும். மாட்டும்போது இரண்டு பக்கமும் துடைத்து, நேராகத் தள்ளி, வளையம் 'டக்'கென்று விழுந்ததா என்று பார்த்து, ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். ட்ரெயிலர் பக்க ஹோஸ்தான் இறுகிக் கிடக்கிறதென்றால் நிழலில் விட்டு ஆறவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். அவர் மரை உள்ள மூட்டை அரைச் சுற்று மெல்ல இளக்கி எண்ணெயைக் கசியவிடுவார். அது உங்கள் வேலை இல்லை.

அரைகுறையாக மாட்டின கப்ளிங்கில் இன்னொரு விபரீதம் இருக்கிறது. பெட்டி மேலே போகும், கீழே வராது. எண்ணெய் போகும்போது வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு போனது, திரும்பி வர வழி அடைத்துக்கொண்டது. உடனே யாராவது ஒருவர், பெரும்பாலும் வயது குறைந்த தம்பி, தூக்கி நிற்கிற பெட்டிக்கு அடியில் புகுந்து ஹோஸை இளக்கப் போவார். இளகின மறு கணம் பெட்டி முழுப் பாரத்தோடு விழும், கத்தக்கூட நேரம் இருக்காது. பெட்டி மேலே நின்றுவிட்டால் யாரும் அடியில் போகவேண்டாம். பலமான முட்டுக் கொடுக்கும்வரை எட்ட நில்லுங்கள். துரை அவசரப்படுத்தினாலும் சரி, கணக்கப்பிள்ளை ஏசினாலும் சரி.

அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மெஸி 135 போன்ற வண்டிகளில் கியர் பெட்டி எண்ணெயும் ஹைட்ரோலிக் எண்ணெயும் ஒன்றுதான், பம்ப் அதற்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. நுனியில் ஒட்டின செம்மண் பம்புக்கும் போகும், கியருக்கும் போகும். மழைத் தண்ணீர் போனால் எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணி மாதிரி மாறும். ஹோஸ் நுனியை நிலத்தில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் ஒபிஸில் கேளுங்கள். ஒரு பம்பின் விலைக்கு எத்தனை மூடி வாங்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும்.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதற்கு நூறு இறாத்தல் அமுக்கமே போதும். ஆகவே கையால் தடவி ஒழுக்கைத் தேடாதீர்கள், கார்ட்போட் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், நோவும் அவ்வளவு இருக்காது. "அரைப் பேர் போய்விடும்" என்று வேலையை முடித்துவிட்டு லயத்துக்குப் போவீர்கள். இரவில் விரல் வீங்கும், காலையில் கறுக்கும். எண்ணெய் உள்ளுக்குள் சதையைக் கெடுத்துக்கொண்டே போயிருக்கும். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் ஒப்பரேஷன் செய்து கழுவினால் விரல் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு. பிந்தினால் வெட்டி எடுக்க வேண்டி வரலாம். டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு திரும்பாமல் நேரே இரத்தினபுரி, கேகாலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். "பிரஷரில் எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்க வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

நடந்தது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஒபிஸ் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934 தொட்டு இருக்கிறது. "சின்னக் காயம்தானே" என்று பதியாமல் விட்ட காயத்துக்குப் பிறகு நட்டஈடு கேட்பது மெத்தக் கஷ்டம்.

வெளியே ட்ரெயிலர் நிற்கிறது, போவோம். சாரதிமார் கொஞ்சம் பொறுங்கள். தினமும் இந்த ஹோஸைத் தொடுகிற தம்பிமார் முதலில் கழற்றி மாட்டிப் பார்க்கட்டும்.