துருவும் ஒடுக்கும்



பாட்டும் நாடகமும் காத்திருக்கும் இம்மேடையில் துருவைப் பற்றிப் பேச நமக்கு 15 நிமிடம் அளித்திருக்கிறார்கள். ரயில்வே குமாஸ்தாவுக்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை என்பீர்கள். பெஹாலாவில் வாழ்பவருக்குத் துரு அந்நியமன்று. ஆனி பிறந்தால் தெருவில் தேங்கும் நீரும், புரட்டாசி வரை காற்றில் நிற்கும் ஈரமும் சன்னற் கம்பியையும் அரிவாள்மணையையும் விட்டுவைப்பதில்லை. வாசலில் நிற்கும் பழைய அம்பாசடரை மட்டும் விடுமா?

ஹௌராவிலிருந்து பர்த்வான் செல்லும் பாதையில், உத்தரபாராவை அடுத்து ஹிந்த்மோட்டார் என்றொரு நிலையம் உண்டு. தொழிற்சாலையின் பெயரையே தாங்கிய நிலையம் அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி 1957இல் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி, 2014 மே மாதத்தில் அங்கே நின்றுபோயிற்று. ஆதலால் இன்று ஒரு கதவு அரித்துப் போனால் ஆலையிலிருந்து புதுக்கதவு வாராது. மல்லிக் பஜாரில் பழையதைத் தேடவேண்டும். அது எவ்வளவு அரித்ததோ, யார் கண்டது! இருக்கும் தகட்டைக் காப்பதே புத்தி.

தண்டவாளத்தின் பக்கங்கள் செந்துருவேறியும் பல்லாண்டு உழைப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதன் கனம் அப்படி. வண்டித் தகடோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். துரு தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வது. அதனாலேயே வர்ணத்தைக் கீழிருந்து தூக்கிக் கொப்புளமாக்குகிறது. வெளியே மிளகளவு தெரிந்தால் உள்ளே அதனினும் பெரிதாகப் பரவியிருக்கும் என்று கொள்க. கதவின் அடியிலுள்ள நீர்த்துளைகள் சேற்றால் அடைபடுவதும், மிதியடிக்குக் கீழே ஈரம் தங்குவதும் இந்நோயின் பிறப்பிடங்கள். துளையைக் குச்சியால் குத்திவிடக் காசு வேண்டியதில்லை.

கொப்புளத்தைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்கவேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உப்புத்தாளை நீரில் நனைத்தே தேய்க்க, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க, குழந்தைகளை அண்டவிடற்க. குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து கடைகளில் கிடைக்கிறது. கையுறை இல்லாமல் அதைத் தொடவேண்டாம். பின்னர்க் கழுவி, நன்கு உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் பூசிவிடவேண்டும். நம் ஊர்க் காற்றில் காலையில் பளபளத்த தகடு மாலைக்குள் பழுப்பேறும். திருப்புளி உள்ளே இறங்கும் அளவு அரித்திருந்தால் அது வெட்டிப் பற்றவைக்கும் வேலை. பெட்ரோல் தொட்டி உள்ள வண்டியில் வீட்டு முற்றத்தில் நெருப்பு விளையாட்டு வேண்டாம், பட்டறைக்கே அனுப்புக.

ஒடுக்கு எடுப்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். பித்தளைக் குடத்திற்கு ஒடுக்கெடுப்பவர் நடுக்குழியில் ஓங்கி அடிப்பதில்லை. தகட்டுக்கும் அதுவே முறை. வெளியே ஓர் இரும்புக் கட்டையைத் தாங்கக் கொடுத்து, உள்ளிருந்து விளிம்பு தொடங்கி நடுவை நோக்கி மெல்லத் தட்டிவரவேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். பிறகு அது டப்பா மூடிபோல் அமுங்குவதும் எழும்புவதுமாய் ஒருநாளும் அடங்காது. பட்டறைக்காரருக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது. வீட்டில் செய்பவருக்கோ எத்தனை ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

தட்டி முடித்தபின் எஞ்சும் மேடுபள்ளத்துக்கே பட்டி; அதுவும் மெல்லிய தோலாக. துருவின்மேல் பட்டியை அப்பி வர்ணம் அடித்தால் பூஜைக்குப் பளபளக்கும், அடுத்த மழைக்கு வெடிக்கும். இவ்வித வேலைக்குப் பணம் கொடுத்தோர் இச்சபையிலேயே சிலர் உண்டு.

வர்ணம் பூசுவதை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு வெளுத்து மங்கும். மார்கழி, தை மாதங்களில், பனி விலகிய முற்பகலில், நிழலில் செய்க.

பழைய வண்டி வாங்க எண்ணுவோருக்கு ஒரு சொல். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். கெட்டியான பட்டியின்மேல் அது பற்றாது, நழுவும். ஒரு காந்தம் இப்போது நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நாடகம் முடிந்ததும் வாசலில் நிற்கும் வண்டிகளில் வைத்துப் பார்க்க விரும்புவோர் உடன் வரலாம். வண்டிக்குரியவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.